இடது காதுப் பக்கம்

கேள்வி என் இடது காதுப் பக்கம் விழுந்தது.
அதனால் பதில்கள் பாதி வந்த பிறகுதான்
கேள்வி இன்னதென்று ஊகித்தேன்:
செத்துப்போன விஞ்ஞானிகளில்
ஒரே ஒருவரைச் சந்திக்கலாம் என்றால், யாரை?

கேம்பிரிட்ஜ், மாசச்சூசெட்ஸ். பிப்ரவரி.
வானாய்வகத்துப் பழைய கட்டடத்தில் மதியச் சாப்பாடு.
ஜன்னலுக்கு வெளியே முழங்கால் உயரப் பனி,
நாய்கள் போட்ட மஞ்சள் கையெழுத்துகளோடு.

ப்ரெண்டன் நியூட்டனைக் கேட்டான்,
சண்டை போடுவதற்காக.
ஓல்காவுக்கு மேரி கியூரி,
கையுறை போட்டுக்கொள்ளுங்கள் அம்மா என்று சொல்ல.
புதிதாய்ச் சேர்ந்த பையனுக்கு
டார்வினின் தாடியைத் தொட்டுப் பார்க்க ஆசை.
என் முறை வருமுன்பே,
ஊர்க்காரர் ஆயிற்றே என்று
ராமானுஜனை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள்,
விமானத்தில் கேட்காமலே
சைவச் சாப்பாடு நீட்டுவதுபோல.
பெரிய மனிதர், மறுக்கவில்லை.
ஆனால் என் டப்பாவில் நெத்திலி வறுவல்.
அதை மூடி வைத்துவிட்டு அவரிடம் என்ன பேச?

லீவிட், என்றேன். ஹென்ரியட்டா லீவிட்.
உரக்கச் சொல்லிவிட்டேன் போல;
என் குரலின் அளவு எனக்குத் தெரியாது.
எல்லோரும் நிமிர்ந்தார்கள்.
பிறகு பேச்சு பார்க்கிங் அபராதத்துக்குப் போய்விட்டது.

இந்த வளாகத்தில்தான் வேலை பார்த்தாள்.
மணிக்கு முப்பது சென்ட்.
பெருவில் படமெடுத்த வானம்
கண்ணாடித் தகடுகளாய்க் கப்பலேறி வரும்.
தலைகீழ் வானம் அது: வெளுப்பில் கறுப்பு நட்சத்திரங்கள்,
வேட்டியில் சிந்திய எள்போல.
எந்த எள் நேற்றைவிடச் சிறுத்தது, எது பெருத்தது
என்று பார்த்துக்கொண்டே இருந்தாள், வருடக்கணக்காய்.
மெதுவாக இமைப்பவைதான்
உள்ளபடியே பெரிய விளக்குகள் என்று கண்டாள்.
அந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டு
மற்றவர்கள் பிரபஞ்சத்துக்கு அளவுநாடா போட்டார்கள்.
அவளுக்குக் காது கேட்காது.
பரிசுக்குப் பெயர் கொடுக்கலாமா என்று
ஸ்வீடனிலிருந்து கடிதம் வந்தபோது
அவள் போய் மூன்று வருடம் தாண்டியிருந்தது.

என் வேலை, துடைப்பது.
அந்தத் தகடுகளின் முதுகில்
அவளும் அவளோடு இருந்த பெண்களும்
மையால் போட்ட வட்டம், அம்பு, எண்.
முதலில் படமெடுத்துக்கொள்வோம்.
பிறகு சவர அலகு, ஈரத்துணி.
ஸ்கேனருக்கு வெறும் வானம் போதும்.
படித்துவிட்டுத் துடைக்கிற வேலைக்கா போனாய்
என்று திருப்பூரிலிருந்து தம்பி கேட்டான்.
எழுதித்தான் கேட்டான்.
அதற்காகவே அவனைப் பிடிக்கும்.

சந்தித்தால் நட்சத்திரம் பற்றிக் கேட்கமாட்டேன்.
ஒரு காகிதத்தை மேசைமேல்
இருவரும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொள்வோம்.
எல்லோரும் சிரிக்கும்போது
நீங்களும் சிரித்துவைப்பீர்களா?
தேவாலயத்தில் பாட்டு முடிந்ததை
எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்?
மெதுவாய்ப் பதில் சொல்கிறவளை
மங்கல் என்று நினைக்கிறார்களே,
அதனால்தானா நீங்கள் அந்த நட்சத்திரங்களை...
இல்லை, இதைக் கேட்கமாட்டேன்.
முறைப்பாள். கணக்கு கணக்குதான்.
இதை மட்டும் கேட்பேன்:
முதுகுக்குப் பின்னால் யாராவது வந்து நின்றால்
உங்களுக்கு எது சொல்லும்?
எனக்குத் தரைப்பலகை.

மூன்று மணிக்கு ஒரு தகடு.
சிறிய மகெல்லன் மேகம்.
ஓரத்தில் ஓர் எண். அதை அடித்து மேலே இன்னோர் எண்.
அதையும் அடித்து, மறுபடி முதல் எண்ணே.
யார் கை என்று பதிவேட்டில் இல்லை.
அவளாய் இருக்கலாம்.
பக்கத்து நாற்காலியில் பசியோடு இருந்த
வேறொருத்தியாகவும் இருக்கலாம்.
படமெடுத்தேன். அலகை வைத்தேன்.
மை வரவில்லை.
எச்சில் தொட்டால் வந்துவிடும்;
விதிமுறையில் அதற்கு இடமில்லை.
ஈரத்துணியை அதன்மேல் போட்டுவிட்டுக் காத்திருந்தேன்.
கடைசி எண் முதலில் விட்டது.
அடித்த கோடுகள் இரண்டும் பிறகு.

காலடியில் பலகை லேசாய் அதிர்ந்தது.
திரும்பினேன்.
ஓல்கா. அடுத்த பெட்டி.